வெள்ளிப் பெயின்ட்டுக்குள் அடைபட்ட சக்கரம்

என் மனைவியின் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. வாரத்துக்கு மூன்று தடவை மதுரைக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். பேரையூருக்கு மேற்கே, தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்குள் அவன் வீடு. பக்கத்து வீடு என்னுடையது. ஊசி குத்திக் குத்தி அவன் கை ஸ்டியரிங் பிடிக்க லாயக்கில்லாமல் போனதால், அவனுடைய பழைய ஜீப்பை நான்தான் ஓட்டினேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை போக முடியவில்லை. உடம்புத் தண்ணீருக்கு வெளியே வழி கிடையாது. முதலில் கால் வீங்கும், பிறகு நெஞ்சுக்கு ஏறும். அடுத்த தடவை போக வேண்டிய நாள் காலையில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். இன்றைக்கும் தவறினால் ஆள் மிஞ்ச மாட்டான் என்று தெரிந்துதான் வண்டியை எடுத்தேன்.

கரிசல் மண் காய்ந்தால் கல். நனைந்தாலோ மேலே வெண்ணெய், அடியில் பசை. தார் ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஜீப் பக்கவாட்டில் வழுக்கி ஓரத்துச் சீமைக்கருவேல முள்ளோடு போய் ஒட்டிக்கொண்டது. அவன் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்னால் இடது சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்தது. வலது சக்கரம் கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷன் மாதிரி சும்மா நின்றது.

அது டிஃபரன்ஷியல் பண்ணுகிற வேலை. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அதற்காகத்தான் அச்சின் நடுவில் அந்தப் பல்சக்கரப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். தார் ரோட்டில் அதைப் போல நல்ல பிள்ளை கிடையாது. சேற்றிலோ, வேலை செய்யாதவனுக்கே சோறு போடுகிற வீடு. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதையே சுற்றவிடும்.

டிராக்டர்காரனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, நான் வந்தா நானும் சேத்துல மாட்டி உங்களுக்குப் பேச்சுத்துணைக்குத்தான் ஆவேன்" என்றான். ஆம்புலன்சும் தார் ரோட்டைத் தாண்டாது. மூச்சு வாங்குகிறவனைத் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் நடக்கவும் முடியாது.

பெரிய கியருக்குப் பக்கத்திலிருக்கிற சின்னக் கியரைத் தள்ளி நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் போட்டேன். முன்சக்கரம் அசையவில்லை.

"நல்லா அமுக்கிப் போடுங்க மச்சான்."

"போட்டாச்சு மாப்ள. ஹப்பத் திருப்பணும்ல."

பழைய ஜீப்பில் சின்னக் கியரை மட்டும் போட்டால் போதாது. இறங்கிப்போய் முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கிற ஹப் என்கிற திருகைக் கையால் திருப்ப வேண்டும். அப்போதுதான் அச்சும் சக்கரமும் கைகோக்கும். நான் முன்பு மேகமலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஓட்டினேன். அங்கே அட்டைக்கு எல்லாரும் பயப்படுவோம். புகையிலையும் உப்பும் துணியில் முடிந்து காலில் தேய்த்துக்கொள்வோம். இருந்தும் வேட்டிக்குள் ஏறிவிடும். அப்படிப் பயந்தவர்கள்கூட மழை இருட்டினால் முதலில் இறங்கி ஹப்பைத் திருப்பிவிட்டுத்தான் வண்டியை எடுப்போம். எங்கள் வறண்ட காட்டில் அதற்கு வேலையே வந்ததில்லை.

இறங்கிப் பார்த்தேன். திருகு இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெள்ளி உருண்டை. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அவன்தான் சக்கரங்களுக்குப் பெயின்ட் அடிப்பான். அதன்மேல் சந்தனம், குங்குமம். மறுவருஷம் எல்லாவற்றுக்கும் மேலே மறுபடியும் பெயின்ட்.

"எத்தன கோட்டுடா அடிச்சிருக்க?"

"சாமிக்கு முன்னால பளபளன்னு நிக்க வேணாமா?"

"நிக்கிது. பொணத்துக்குப் பவுடர் போட்ட கணக்கா."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன்தான் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் நின்று, மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது.

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, டீசல் விட்டு, என் பக்கத்து ஹப்பைத் திருப்பிவிட்டேன். ஏறி மிதித்தேன். ஒன்றுமில்லை.

"ஒண்ணு மாட்டிருச்சுல்ல மச்சான், அதாவது இழுக்கணுமே?"

"எங்க இழுக்க? முன்னாலயும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்குடா. உன் பக்கத்து அச்சு சும்மா கெடக்குல்ல, அதத்தான் சுத்திக்கிட்டிருக்கும். ரெண்டும் மாட்டணும், இல்லன்னா ஒண்ணுமே மாட்டாததுக்குச் சமம்."

அவன் பக்கத்துச் சக்கரம் முள்ளுக்குள் இருந்தது. சேற்றில் மல்லாந்து, தலையை உள்ளே கொடுத்துச் சுரண்டினேன். முதுகுக்குக் கீழே மண் இழுத்துப் பிடித்தது. மூஞ்சிக்கு மேலே முள். எழுந்திரிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. மேலே கண்ணாடி இடுக்கு வழியாக அவன் மூச்சு, உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

"மச்சான், ஒரு மடக்கு தண்ணி குடிச்சுக்கிறவா?"

"நாக்க மட்டும் நனச்சுக்க."

"ஊரெல்லாம் அம்புட்டுத் தண்ணி. எனக்கு மட்டும் ரேசன்."

குறடு போட்டதில், திருகைப் பிடித்துத் திருப்புகிற இரண்டு காதில் ஒன்று உடைந்தது. மிச்சமிருந்த காதில் துண்டைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்தேன். அவன் பேசுவது நின்றுபோயிருந்தது. உரக்கக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டதற்கு, "இருக்கேன்" என்றான். அவன் பயங்காட்டிய கோபத்தில்தானோ என்னவோ, திருகு டக்கென்று திரும்பியது.

இரண்டாம் கியரில் மெதுவாக எடுத்தேன். நாலு சக்கர இழுவை என்றுதான் பேர். வழுக்குகிற இடத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவ்வளவுதான் சுற்றும். ஆக்சிலேட்டரோடு பிரேக்கையும் இடதுகாலால் லேசாக அமுக்கினேன். வெட்டியாகச் சுற்றுகிற சக்கரத்துக்குப் பாரம் ஏறினால்தான் சும்மா நிற்கிற சக்கரத்துக்கும் வேலை போகும். முள் கண்ணாடியைக் கீறிக்கொண்டே வந்தது. வண்டி ஒரு முக்கு முக்கி மேலே ஏறியது.

"நிக்காதீங்க மச்சான்" என்றான். தார் ரோடு வரும்வரை அதையே சொன்னான்.

ஆஸ்பத்திரியில் அவனைக் கண்டதுமே நர்ஸ் என்னைத் திட்டிக்கொண்டே மூக்கில் ஆக்சிஜனை மாட்டினார். கட்டில் காலியானதும் மெஷினில் போட்டார்கள். சாயங்காலம் மூச்சுத் திணறல் தணிந்தது. அப்போதுதான் கண் திறந்தான்.

"மச்சான், இங்க மதுரையிலயே பழங்காநத்தத்துல ஒரு வீடு பாருங்க. கீழ் வீடா."

"மழ விட்டா சரியாப் போகும்டா."

"மழைக்காகச் சொல்லல. ஒவ்வொரு தடவையும் போய்ச் சேருவமான்னு என்னால கெடக்க முடியாது."

"அப்ப உன் காடு கழனி?"

"நீங்க பாத்துக்கங்க."

மறுநாள் பழங்காநத்தத்தில் சந்து சந்தாக அலைந்தேன். சீக்காளி என்று சொன்னதுமே சில வீட்டில் இடம் இல்லை என்றார்கள். ஒரு வீட்டம்மா மட்டும் சாவியைக் கையில் கொடுத்தார். ஒரே அறை. ஜன்னலைத் திறந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். அவனுக்குப் போன் போட்டு, அந்தச் சுவரையும் சேர்த்துச் சொன்னேன்.

"பரவால்ல, வாடகையப் பேசிருங்க" என்றான்.