மடியில் வைத்த பாரம்

எழுபத்தொன்பதாம் ஆண்டிலோ எண்பதிலோ, என் மூத்தவளுக்கு ஆறு வயது. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வளவுக்கு நான்கு வேலி தள்ளியிருந்தவர்களுக்கும் அவள் குரல் தெரியும். சட்டைக் கழுத்தின் தையல் உரசினால் கத்துவாள். பள்ளிக்கூட மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். பக்கத்தில் இருந்த பிள்ளையைக் கடித்தும் இருக்கிறாள். "அடியாத மாடு படியாது" என்று சொந்தக்காரர் ஆளுக்காள் வந்து சொன்னார்கள். அடித்தும் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். அன்று அவள் இன்னும் கத்தினாள், நான் குசினிக்குள் போய் அழுதேன்.

கடைசியில் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தத் தவணை மட்டும் பாப்பம். அதுக்குள்ள வகுப்பில இருக்கப் பழகாட்டி, பிள்ளையை வீட்டில வைச்சிருங்கோ."

ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மிஸ் வருவார். தொழில்வழிச் சிகிச்சை என்று கதவில் எழுதியிருக்கும். அது ஏதோ தையல் வகுப்பு என்றுதான் என் நினைப்பு. அவர் மருந்து எழுதவில்லை. பிள்ளையோடு தரையில் இருந்து, தலையணையால் அவள் முதுகை நன்றாக அழுத்தி உருட்டினார். ஆள் தொட்டாலே சீறுகிற என் மகள், "இன்னொருக்கா" என்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"அம்மா, இது குழப்படி இல்லை. எங்களுக்குச் சின்னனாக் கேக்கிற சத்தம் பிள்ளைக்குப் பெரிசாக் கேக்குது. பள்ளிக்கூடம் போக முதல் பாரமான வேலை குடுங்கோ, இழுக்கிறது, தூக்கிறது. வகுப்பில மடியில கொஞ்சம் பாரம் வைச்சுப் பாருங்கோ. இருபது நிமிசம்தான், பிறகு எடுத்துவிடுங்கோ."

"கண்டறியாத வைத்தியம்" என்று வெளியே வந்து முணுமுணுத்தேன். என் மனுசனும் கூட வந்திருந்தார். களப்பில் வீச்சுவலை வீசுகிறவர், பாரம் என்றதும் அவருக்கு வேறென்ன ஞாபகம் வரும்? தான் உடுத்திய பழைய சாரத்துணியில் ஒரு பட்டி தைத்து, வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை உள்ளே வரிசையாக வைத்து மூட்டினார். அதை மடியில் போட்டதும் பிள்ளை அடங்கினாள். எங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். இருபது நிமிடத்துக்கே இப்படியென்றால் நாள் முழுக்க இருந்தால் என்ன என்று, சாப்பிடும்போதும் படுக்கும்போதும் கட்டிவிட்டோம்.

ஒரு கிழமையில் பட்டிக்குப் பலன் இல்லாமல் போயிற்று. பழையபடி கத்தல். அதோடு பட்டியின் மூலையைச் சப்பவும் தொடங்கினாள். அடுத்த முறை போனபோது மிஸ் தையலைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஈயம் நஞ்சு, ஐயா. வாயில போனால் மூளையைக் கெடுக்கும்."

என் மனுசன் குண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டார். நல்லது செய்யப்போய்ப் பிள்ளைக்கு நஞ்சைக் கட்டிவிட்டோமே என்று ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தேன். டொக்டர் அவளைப் பார்த்து, துணி கிழியவில்லை, பயப்பட வேண்டாம் என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"மண் போடலாமோ, மிஸ்?" என்று என் மனுசன் மெல்லக் கேட்டார்.

"போடலாம். ஆனா இருபது நிமிசம். உடம்புக்குப் பழகிட்டால் பாரம் தெரியாது."

அதன்பின் பட்டியில் மண் நிரப்பி, வகுப்பில் இருபது நிமிடம் மட்டும் மடியில் வைக்கவிட்டோம். மிஸ் சொன்ன பாரமான வேலைக்கு, விடியற்காலையில் தகப்பனோடு கரைக்குப் போய், நனைந்த வலையைப் பனையோலைக் கடகத்தில் போட்டு வீடுவரை இழுத்து வருவாள். "பெட்டைப்பிள்ளையை வலை இழுக்க விடுறா" என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும் என்று விட்டேன். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே ஒரு பூவரசின் கீழ் நான் காவல் இருப்பேன், கத்தினால் ஓடிப்போய்த் தூக்க. முதலில் நாளுக்கு நான்கு தரம் ஓடினேன், பிறகு இரண்டு. தவணை முடிவில் டீச்சர், "அடுத்த தவணையும் கூட்டிவாங்கோ" என்றார். நேரே மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன்.

அடுத்த தவணை முதல் நாளும் பூவரசின் கீழ் இருந்தேன். இடைவேளைக்கு மகள் வேலியோரம் வந்தாள்.

"அம்மா, வீட்டை போங்கோ. எல்லாரும் பாக்கினம்."

சுருக்கென்று கோபம் வந்தது. உனக்காக எத்தனை நாள் இந்த வெயிலில் இருந்தேன் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் திரும்பிப் போய் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றுவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டினேன், அணைத்தேன். முற்றத்தைக் கூட்டினேன், கூட்டின முற்றத்தையே திரும்பவும் கூட்டினேன். பள்ளிக்கூடம் விடும்வரை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.