அசர் வரைக்கும் மட்டும்

போன வருடம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பல் தேய்க்கப் போனவன் குளியலறை வாசலிலேயே விழுந்தேன். வழுக்கவில்லை, தலை சுற்றவில்லை. கால் இரண்டும் யாருடையதோ போல மடங்கிவிட்டன.

என் பெயர் ஜாபர். தென்காசிக்காரன். கத்தாரில் பதினேழு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். "இன்னும் ரெண்டே வருசம், பொறவு ஒரேயடியா வந்துருதேன்" என்று போனில் சொல்லிச் சொல்லியே அத்தனை வருடமும் போயிற்று. மகள் முதலில் நடந்ததையும் பள்ளிக்கூடம் போனதையும் போன் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். குற்றாலத்தில் சீசன் இருக்கும்போது ஒருமுறைகூட எனக்கு லீவு கிடைத்ததில்லை. எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்தப் பிறகு வந்து, வேலையை விட்டு ஊருக்கு வந்து, ஐம்பது நாள்கூட ஆகவில்லை. விழுந்துவிட்டேன்.

புதன்கிழமை கைகள் போயின. வியாழக்கிழமை எச்சில் விழுங்க முடியவில்லை. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை மதியம், ஜும்ஆ தொழுகை நேரத்தில், வாய்க்குள் குழாய் விட்டு மூச்சு மெஷினில் மாட்டினார்கள். ஜி.பி.எஸ். என்று நோயின் பெயரை டாக்டர் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிற நோயாம். பலருக்குச் சரியாகும், எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார்.

எனக்கு எல்லாம் கேட்டது. புத்தி தெளிவாக இருந்தது. இமையைத் தவிர எதுவும் அசையவில்லை. மூக்கில் அரிக்கும், சொறிய முடியாது. கண்ணீர் வழிந்து காதுக்குள் போகும், துடைக்க முடியாது. நர்ஸ் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே கிடக்க வேண்டும். உயிரோடு கபுரில் புதைத்தது போல இருந்தது.

ஒரு உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். நான் மவுத்தை, சாவைக் கேட்டேன். கேட்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தே கேட்டேன். "யா அல்லாஹ், என்னை எடுத்துக்கொள். இவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும்." வேறு எதையும் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

என் மனைவி ரஹ்மத்தைக் காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். ஆமாம் என்றால் ஒருமுறை இமைக்க வேண்டும், இல்லை என்றால் இருமுறை. ஒருநாள் காலை அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க என்னத்தக் கேக்கியன்னு எனக்குத் தெரியும் மச்சான். அதக் கேக்காதிய. அடுத்த மாசம், அடுத்த வருசம்னும் கேக்காதிய. இன்னைக்கு அசர் வரைக்கும் மட்டும் கேளுங்க. அசர் வந்ததும் மஃரிப் வரைக்கும் கேப்போம்."

அசர் பிற்பகல் தொழுகை, மஃரிப் அந்தித் தொழுகை. கை கால் அசையாதவர் இமையாலேயே தொழலாம் என்று பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் விசாரித்தும் வந்திருந்தாள். என்னால் ஒருமுறை இமைக்க மட்டுமே முடிந்தது.

அங்கே பள்ளிவாசல் பாங்கு கேட்காது. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்து வக்துகளை, தொழுகை நேரங்களைத் தெரிந்துகொண்டேன். குனிகிற ருகூவுக்கு இமையைச் சற்று தாழ்த்துவேன், நெற்றியைத் தரையில் வைக்கிற ஸஜ்தாவுக்கு முழுதாக மூடுவேன். தொழுது முடித்து, அடுத்த வக்து வரைக்கும் என்னைத் தாங்கு என்று மட்டும் கேட்பேன். விடியற்காலை சுபுஹுக்கும் மதிய லுஹருக்கும் நடுவில்தான் ரொம்பக் கஷ்டம். அந்த நேரம் நகரவே நகராது. நகர்ந்ததும் அல்ஹம்துலில்லாஹ் சொல்வேன். நர்ஸ் யாராவது கண்ணைத் துடைத்துவிட்டிருந்தால் அதற்கும் சொல்வேன். நன்றி சொல்ல இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மெஷினை எடுத்துப் பார்க்க இரண்டு முறை முயன்றார்கள். இரண்டு முறையும் மூச்சுத் திணறித் திரும்ப மாட்டினார்கள். குழாய் செருகத் தொண்டையில் துளை போட்டார்கள். இருபத்தாறாம் நாள், லுஹர் தொழுத பிறகு, மூன்றாவது முறை எடுத்தார்கள். ஒவ்வொரு மூச்சாக இழுத்தேன். கடிகாரம் அசரைத் தாண்டியது. சாயங்காலம் ரஹ்மத் வந்தபோது மெஷின் சத்தம் இல்லை. என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்தும் குழந்தை மாதிரிதான் கிடந்தேன். கழுவிவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் ரஹ்மத்தான். ஒருநாள் வெட்கமும் கோபமும் தாங்காமல், "என்னய எங்கயாவது கொண்டு போட்டுட்டு வா" என்று கத்திவிட்டேன். அடுப்படியில் அவள் விம்முவது கேட்டது. எழுந்து போய் அவள் தோளைத் தொட முடியவில்லை. ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு கையாலாகாதவனாக நான் உணர்ந்ததில்லை. அவள் திரும்பி வரும்வரை காத்திருந்துதான் மன்னிப்புக் கேட்டேன்.

செங்கோட்டையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பி வருவார். எப்போது நடப்பேன் என்று தினமும் அவரிடம் கேட்பேன். ஒருநாள் அவர் சொன்னார்: "அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. இன்னைக்குக் கால் பெருவிரல் அசையுதான்னு பாப்போம்." அன்றைக்கு அசையவில்லை. மறுநாளும் இல்லை. அசைத்துப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. ஒன்பதாம் நாள் அசைந்தது. மகளையும் ரஹ்மத்தையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு விரல்தான். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரமலானில் ஊன்றுகோலோடு நின்றேன். இந்த வருடச் சாரலில் மூவரும் குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீருக்கு அடியில் நிற்க என் காலுக்குத் தெம்பில்லை. நான் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர்கள் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டை என் தலைமேல் பிழிந்தார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போதும் இடது பாதம் இழுக்கிறது. விரல்களில் ஸ்க்ரூ டிரைவர் நிற்காது, பழைய வேலைக்குப் போக முடியாது. வரும் வருடங்களை நினைத்தால் சில நாள் பயம் வருகிறது. அப்போதெல்லாம் அடுத்த வக்து வரைக்கும் கேட்கிறேன். அதுவரைக்கும் செய்ய முடிந்த ஒரு பயிற்சியை, வீட்டில் ஒரு சின்ன வேலையைச் செய்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவில், உட்கார்ந்து தொழுகிற நாற்காலியை ஒதுக்கிவிட்டு, இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நெற்றியைத் தரையில் வைத்தேன். வைத்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்து எல்லோரும் கலைந்தார்கள். பக்கத்தில் தொழுதவர், முன்பின் தெரியாதவர், போகாமல் உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. நான் தலையைத் திருப்பி, போதும் என்று கண் காட்டியதும் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினார்.

படுத்த படுக்கையாக இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களே, முழு வாழ்க்கைக்கும் இப்போதே கேட்கத் தெம்பில்லை என்றால் பரவாயில்லை. அடுத்த தொழுகை வரைக்கும் கேளுங்கள். அல்லாஹ் அதைச் சின்ன துஆ என்று தள்ளவில்லை. அதற்கு நான் சாட்சி.