துணியில் அச்சாகவிருந்த அப்பா

நாளைக் காலை அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். கோயில் மண்டப வாசலின் இருபுறமும் இரண்டு துணி பேனர்கள் தொங்க வேண்டும். கணினி தெரிந்தவன் என்ற கெட்ட பெயரால் கோப்புகளை நான் தயாரித்தேன்.

துணியில் வண்ணம் அச்சிடும் இயந்திரம் குனோங் ராபாட்டில் ஒரு கடையில் இருக்கிறது. வாட்சாப்பில் அனுப்பினால் படத்தின் தெளிவு போய்விடும் என்று பென்டிரைவில் கொண்டுபோனேன். அளவைக்கூட மூன்று முறை சரிபார்த்திருந்தேன்.

கடைக்கார அக்கா முதல் கோப்பைத் திறந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பா எப்போ தவறுனாரு தம்பி?"

"இல்லக்கா, வீட்லதான் இருக்காரு. நாளைக்கு அறுபதாம் கல்யாணம்."

"அப்புறம் ஏன் லா மாலை போட்டு, கறுப்பு வெள்ளையில, கீழ 'என்றும் எங்கள் நெஞ்சில்'னு போட்டிருக்கீங்க?"

பழைய கல்யாணப் படத்தை நடுவில் வெட்டி, ஆளுக்கொரு பேனர் செய்திருந்தேன். கம்பீரமாக இருக்கட்டும் என்று நிறத்தையும் எடுத்துவிட்டேன். மாலை மட்டும் மிஞ்சிவிட்டது.

அக்கா இரண்டாவது கோப்பைத் திறந்தார்.

"ஐயோ, அம்மாவுமா? ஒரே நாள்லயா?"

இருவரையும் ஒரே துணியில் சேர்த்து, நிறத்தைத் திருப்பி, வாசகத்தை மாற்றினோம். அச்சும் ஓடத் தொடங்கியது. அப்போதுதான் கைப்பேசியைப் பார்த்தேன். மதியம், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி, அப்பாவின் பழைய பேனரை மட்டும் பாகான் டத்தோவில் இருக்கும் அத்தைக்கு அனுப்பியிருந்தேன்.

"கிளம்பிட்டோம்" என்று பதில் வந்திருக்கிறது.

அவர்கள் நாளைக் காலைதான் வருவதாக இருந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. வழியில் யாராவது அத்தையைப் பார்த்தால், அண்ணன் நலம் என்று சொல்லிவிடுங்கள்.