உப்பிய மூடி

என் கணவர் ரயில்வே பட்டறையில் ஈயம் பற்றவைப்பவர். கிள்ளான் துறைமுகத்தில் வாங்கிய மீனை வேகவைத்து, டின்னில் அடைத்து, தாமே மூடியைப் பற்றவைத்திருந்தார். ஒரு வருஷம் கழித்து எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு என் அண்ணன் வந்த அன்று அந்த டின்னை எடுத்துப் பார்த்தேன். மூடி உப்பியிருந்தது.

"நான் பத்த வச்சா காத்துகூட நுழையாது மச்சான்!" என்று அவர் கூடத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைகுனியக் கூடாதென்று மூடியைக் குழவியால் தட்டிச் சமமாக்கினேன். திறந்தபோது 'உஸ்' என்றது, நாற்றமில்லை. குழம்பு வைத்தேன்.

அண்ணன் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனபோதுதான், மூடி உப்பிய டின் மீன் நாறாமலே விஷமாகியிருக்கலாம் என்பது எனக்கு உறைத்தது.

"சாப்பிடாதீங்கண்ணே!" இலையையே இழுத்துவிட்டேன்.

கணவர் மூடியைத் தேடியெடுத்து, குழவி பட்ட வடுவைத் தடவிப் பார்த்தார்.

"உப்பியிருந்துச்சா?"

"ஆமாங்க."

"தட்டினது யாரு?"

மீன் கெட்டதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தட்டியது என் கைதான்.