இடப்பக்கப் பெட்டியில் கிளிக் பண்ணுங்கோ

என் மகள் பிறந்த மறுநாள் காலை இது நடந்தது. கிளிநொச்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், சத்திரசிகிச்சைக் காயத்தோடு திரும்பிப் படுக்கவும் முடியாமல் கிடந்தேன்.

நான் வேலை செய்வது முல்லைத்தீவில் ஒரு ஸ்ரூடியோவில். கல்யாணங்களை வீடியோ எடுப்பதோடு, வெளிநாட்டு உறவுகள் பார்ப்பதற்காக நேரடியாகவும் ஒளிபரப்புவோம். அந்த வேலையையெல்லாம் தாங்குவது உள்ளறையில் இருக்கும் சேர்வர் என்ற பெரிய கணினி. அதன் குணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அன்று தேவாலயத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் தகப்பன் வெளிநாட்டில் இருந்தார். விசா கிடைக்காததால் வர வழியில்லை. மகள் மோதிரம் மாற்றுவதை எங்கள் ஒளிபரப்பில்தான் பார்க்க வேண்டும். முதலாளி கமராவோடு தேவாலயத்துக்குப் போய்விட்டதால், எனக்குப் பதிலாக ஸ்ரூடியோவில் என் கணவரை இருத்தியிருந்தார். இவர் கடலையொட்டிய உப்புநீர்க் களப்பில் வள்ளம் விட்டு இறால் பிடிப்பவர். கணினியைத் தொட்டே அறியாதவர்.

நானும் கட்டிலில் படுத்தபடி போனில் அந்தக் கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசை நடுவே படம் உறைந்தது. கொஞ்சம் அசைந்தது, மறுபடி நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. பழைய பதிவுகள் இருக்கும் டிஸ்க் ஒன்று சில நாட்களாகவே கரைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தது. அது திணறினால் முழுச் சேர்வரும் திணறும். நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் உள்ளிருந்து ஓஃப்லைன் ஆக்கி, அதாவது தொடர்பை அறுத்து, ஒதுக்க வேண்டும்.

அவருக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, சேர்வருக்கு முன்னால இருந்து மவுஸைப் பிடியுங்கோ.”

“பிடிச்சிட்டன். சொல்லும்.”

கடவுச்சொல்லைச் சொன்னேன்.

“என்ர வள்ளத்தின்ர பேரோ?”

“ஓம். கெதியா அடியுங்கோ.”

ஆங்கிலம் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். டிஸ்க்குகள் வரிவரியாகத் தெரியும் இடத்துக்கு ஒருவாறு கூட்டிப்போனேன். பழைய பதிவுகளின் வரியையும் கண்டுபிடித்தார்.

“வலப்பக்கக் கிளிக் பண்ணிட்டன். என்னவோ வருது… எஃப், ஓ, ஆர், எம்…”

“ஐயோ, தொடாதேங்கோ!”

அது ஃபோர்மட், டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் அழித்துவிடும் கட்டளை. எத்தனையோ குடும்பங்களின் கல்யாணங்களும் ஞானஸ்நானங்களும் அதற்குள் இருந்தன. நான் போட்ட சத்தத்தில் பிள்ளை வீரிட்டு அழ, பக்கத்துக் கட்டில் அக்கா ஓடிவந்து தூக்கிக்கொண்டார். காயம் சுண்டி இழுத்தது.

அவர் குரலில் மட்டும் பதற்றமே இல்லை. “கையை எடுத்திட்டன். ஒண்டும் நடக்கேல்லை. நீர் ஆறுதலாச் சொல்லும்.”

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்: “அந்த வரியின்ர இடப்பக்கத் தொங்கல்ல சாம்பல் நிறப் பெட்டியொண்டு இருக்கு. அதில வலப்பக்கக் கிளிக் பண்ணுங்கோ.”

“ஓ… எஃப்… எஃப்…”

“அதுதான். அமத்துங்கோ!”

போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உறைந்திருந்த மணப்பெண் மெல்லத் தலை நிமிர்த்தினாள். மாப்பிள்ளை மோதிரத்தைக் கையில் எடுத்தான். படத்தின் கீழே அவளுடைய தகப்பன் எழுதியிருந்தார்: “தெரியுது மகள்.”

டிஸ்க்கில் இருந்தவை அழியவில்லை. பிறகு வவுனியாவில் ஒருவர் எல்லாவற்றையும் மீட்டுத் தந்தார். அன்று பின்னேரம் வந்த என் கணவர், பிள்ளையை மடியில் வைத்தபடி கேட்டார்: “ஒவ்வொரு நாளும் இப்படி நெஞ்சிடியோடதான் வேலை செய்யிறனீரோ?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. களப்பில் அவர் படும் பாட்டை நானும் கேட்டதில்லை. இப்போது சேர்வருக்கு என்ன வருத்தம் என்று அவர் விசாரிப்பார். காற்று எப்படி, வலை எப்படி என்று நான் கேட்பேன். ஒரே வீட்டில் அத்தனை காலம் இருந்தும், நாங்கள் ஒருவரையொருவர் சரியாக அறியத் தொடங்கியது அந்தப் போன் பேச்சில்தான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.