சத்தம் போச்சு, கோளாறு போகல

காதுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். யார் தயவும் இல்லாமல், ஸ்பேனர் பிடித்தே வண்டி ரிப்பேர் ஷெட் போட்டார். ஷெட்டுக்குப் பின்னால் மாடி வீடும் எழுப்பினார். வண்டி வாசலில் திரும்பும்போதே, கட்டிலில் படுத்தபடி சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. தப்பியிருந்தாலும் எடுத்துச் சொல்ல அங்கே எவனுக்கும் நாக்கு எழும்பாது.

அவர் தூக்கி வளர்த்த தம்பிக்கும் அதே ஷெட்டில்தான் வேலை. தம்பிக்குப் பெண் கொடுத்தவர் பெரிய இடம். விருந்துக்குப் போனால் நாலு பேர் நடுவில் "நம்ம எண்ணெய்க்கை மாப்பிள்ளை" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த மாமனாரே ஒருநாள் தன் சூப்பர்சார்ஜர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆக்சிலேட்டரை மிதித்தால் கிறீச்சென்று கத்துகிறது, இழுவையும் இல்லை என்றார். இந்த ஒரு வண்டியைச் சரியாக்கிக் கொடுத்துவிட்டால் போதும், இனி அந்த வீட்டில் தலைநிமிர்ந்து உட்காரலாம் என்று தம்பிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது ஒரே ஒரு பெல்ட். அது நழுவினால் காற்றும் போச்சு, இழுவையும் போச்சு. காதுக்காரர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டார். "பெல்ட் தளர்ந்திருக்கு சம்பந்தி. சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

மாமனார் போனதும் தம்பி இன்ஜினை ஓடவிட்டு, பெல்ட்டில் ஒரு கை தண்ணீர் தெளித்தான். கத்தல் சட்டென்று அடங்கியது. ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்தது. பெல்ட் தளர்ந்திருந்தால் தண்ணீர் பட்டதும் சத்தம் கூடும். அடங்கினால், பெல்ட் ஓடுகிற புல்லி கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். இந்தத் தண்ணீர் வித்தை என் சொந்தச் சரக்கு என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மார்தட்டுகிறவரே காதுக்காரர்தான்.

"அண்ணே, புல்லி கோணல்ணே. இதுக்கு மேல இறுக்கினா பேரிங் தாங்காது."

அவருக்கும் விளங்காமல் இல்லை. ஆனால் சம்பந்தியிடம் சொன்ன சொல் வாயைவிட்டுப் போய்விட்டதே.

"நான் ஸ்பேனர் பிடிச்சப்ப நீ விரல் சூப்பிக்கிட்டு இருந்தே. தள்ளிப் போடா."

தானே குனிந்து, பெல்ட்டை இறுக்குகிற டென்ஷனரை ஏற்றி, மூச்சைப் பிடித்து இறுக்கினார். இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. ஷெட்டில் இருந்தவர்களை ஒரு சுற்று பார்த்தார்.

"சத்தம் போச்சுண்ணே," என்றான் தம்பி. "கோளாறு போகல."

அந்த வாரமே, மலை ஏறும்போது பேரிங் இறுகி, பெல்ட் நார் நாராய்க் கிழிந்தது. மாமனார் பெண்டாட்டி பிள்ளைகளோடு கொட்டுகிற மழையில் நடுரோட்டில் நின்றார். மறுநாள் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து, யார் கை வைத்தது என்று ஷெட் நடுவில் நின்று கேட்டார்.

தம்பி முன்னால் வந்தான்.

"நான்தான் மாமா. அண்ணன் சொன்ன அளவுக்கு மேல இறுக்கிட்டேன்."

மாமனார் திரும்பினார். "அப்படியா சம்பந்தி?"

ஒரே ஒரு 'இல்லை' போதும். காதுக்காரருக்குத் தொண்டை வரைக்கும் வந்தது.

"அவசரக்கைங்க அவனுக்கு," என்றார் காதுக்காரர்.

"எண்ணெய்க்கைன்னுதான் நினைச்சேன். இப்ப அவசரக்கையுமா?" என்று மாமனார் காறித் துப்பாத குறையாகச் சிரித்தார். தம்பி அண்ணனைப் பார்க்கவே இல்லை. மண்ணெண்ணெயில் கை கழுவி, துடைத்து, துணியைக் கொடியில் போட்டுவிட்டுப் போனான். இப்போது வேறு ஊரில், ஏதோ கிடங்கில் பெட்டி தூக்குகிறான் என்று கேள்வி. அவன் மனைவி பிறந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லையாம்.

காதுக்காரர் இன்றைக்கும் படுத்தபடிதான் நோய் சொல்கிறார். அந்தக் காரைப் பற்றி யாராவது கேட்டால், தம்பிதான் இறுக்கிக் கெடுத்தான் என்கிறார். முதலில் கொஞ்ச நாள் அதைச் சொல்லும்போது தொண்டை கரகரத்தது. இப்போது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது.