அஞ்சலையக்காவுக்கு எந்த ஊர்?

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது, அஞ்சலையக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "அஞ்சல தவறிட்டாங்க டீச்சர். நீங்க அவங்க ஊராச்சே, ஊருக்குச் சொல்லி அனுப்பிடுங்க" என்றார். என் கணவரை உடனே சீயமங்கலத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, பிறகுதான் அழுதேன்.

செஞ்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. அவர் மருத்துவச்சி அல்ல. தொப்புள்கொடி அறுத்ததில்லை, மருந்து அரைத்ததில்லை. வலி கண்டவளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவளைத் தன்மேல் சாய்த்துக்கொள்வார். "மருத்துவச்சி முன்னாடி, நான் பின்னாடி" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலும் கூடவே போவார். தாயில்லாத பெண் என்று கேள்விப்பட்டால் கூப்பிடாமலே வந்து நிற்பார்.

எனக்கும் அப்படித்தான் வந்தார். கல்யாணமான வருஷமே என் அம்மா போய்விட்டார். தலைப்பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லாமல் இங்கேயே இருந்தேன். "உனக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். சீயமங்கலம் என்றேன். "அட, நானும் அந்த ஊருதான்" என்றார். வலி எடுத்த நாளில் என்னைத் தாங்கிக்கொண்டு, "வலியப் பாக்காதே. ஊருக்குப் போலாம் வா. பஸ்ஸ விட்டு எறங்கிட்டே, இப்ப எங்க போறே?" என்றார். ஏரிக்கரை, கோயில், எங்கள் தெரு என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டு வாசலை மிதிப்பதற்குள் என் மகள் பிறந்துவிட்டாள். அவர் எங்கள் ஊர்க்காரர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

மத்தியானம் கணவர் திரும்பி வந்தார். "அஞ்சலைன்னு அங்க யாரையும் யாருக்கும் தெரியல" என்றார். நல்லா விசாரித்தீர்களா என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பெண் இறந்தால் தாய்வீட்டுக் கோடிப் புடவை வந்து போர்த்திய பிறகே எடுப்பார்கள். ஊரிலிருந்து யாரும் வராவிட்டால் என்ன, நான் ஊர்ப்பெண்தானே என்று கடைவீதியில் ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே மளிகைக்கடை வசந்தாவும் கையில் கோடியோடு நின்றாள். "நீ எதுக்கு டீச்சர்? அக்கா மண்டகப்பட்டு. எங்க ஊரு" என்றாள். எங்கள் ஊர் என்றேன் நான். இன்னும் இரண்டு பெண்கள் புடவையோடு வந்தார்கள்; அவர்கள் வேறு இரண்டு ஊர்களைச் சொன்னார்கள். சடங்கு செய்ய வந்தவர் எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். "தாய்வீடு ஒண்ணுதாம்மா இருக்கும். பொழுது சாயுது, எதுன்னு சொல்லுங்க" என்றார்.

அப்போதுதான் வசந்தா ஒன்றைச் சொன்னாள். அவளுடைய பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவை வாசலிலேயே மறித்து, "போன வாரம் வேற ஊர் சொன்னியே" என்று கேட்டாளாம். "போன வாரம் வேற பொண்ணு ஆச்சேம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாராம். அன்றைக்கு அது தனக்கு உறைக்கவில்லை என்றாள். எங்கள் ஊரைப் பற்றி அக்கா எதுவும் சொன்னதில்லை, சொன்னதெல்லாம் நான்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. கடைசியில் நான்கு புடவைகளையும் போர்த்தினார்கள். அது முறையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய உண்மையான ஊரில் இந்நேரம் யாராவது அவரைத் தேடிக்கொண்டிருப்பார்களோ என்றும் தெரியவில்லை.

பாடை கிளம்பியதும், பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். எதிரே சைக்கிள் கடை ஓரமாகக் கன்னியம்மா என்கிற கூலிக்காரப் பெண், நிறைமாத வயிற்றோடு நின்றிருந்தாள்.

"புள்ளத்தாச்சி, சாவு வீட்டாண்ட இன்னாத்துக்கு வந்தே?" என்று வசந்தா அதட்டினாள்.

"கிட்ட வரலக்கா. எனக்குக் கூட இருக்கறேன்னு சொல்லியிருந்தாங்க. எங்க ஊருதானே அவங்க. எனக்கு அம்மாவும் இல்ல. இனிமே யார் வருவாங்க?"

அக்காமேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே ஊரைச் சொல்லியிருந்தால் அந்த ஊரிலாவது நாங்கள் போய்க் கேட்டிருக்கலாம். இத்தனை பேரை நம்பவைத்துவிட்டு, இப்போது இவளுக்கு யார் பதில் சொல்வது?

"உனக்கு எந்த ஊரும்மா?" என்றேன்.

"மேல்சித்தாமூரு."

"நானும் அந்த ஊருதான்" என்றேன். பஸ் ஜன்னல் வழியாகத் தவிர அந்த ஊரை நான் பார்த்ததில்லை. வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கன்னியம்மாவுக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. "அங்க எந்தத் தெரு?" என்று கேட்டாள்.

அக்காவை அறிந்தவர்களே, அவர் விட்டுப்போனதில் எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பொய் ஒன்றுதான். அது பொய்தானா என்றுகூட இன்னும் எனக்குத் தெளியவில்லை. ஆனாலும் அதை வைத்துக்கொண்டேன்.

"உங்க தெருவுக்கு அடுத்த தெரு" என்றேன்.